அவர் பஸ்ஸில் வந்துவிடுவார்

எங்கள் சண்டையில் முதலில் சாவது நான்தான். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது, என்னைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் படை கூடியதும், கேப்டனாக இருந்த பெரியப்பாவின் இளைய மகன் மோட்டார் ரூம் பக்கம் கையை நீட்டி என்னை முன்னால் போகச் சொல்வான். போவேன். எதிரி சுடுவான். விழுவேன். விழுந்தவள் சண்டை முடிகிறவரை எழுந்திருக்கக் கூடாது என்பது சட்டம். செத்தவள் சும்மா கிடப்பானேன் என்று எல்லாரும் செருப்பைக் கழற்றி என் தலைமாட்டில் குவித்துவிட்டுப் போவார்கள். எறும்பு கடிக்கக் கடிக்க, செருப்புக்குக் காவலாக நான் செத்துக் கிடப்பேன். எனக்கு அப்போது பத்து வயது. கோபம் மட்டும் முப்பது வயதுக்கு உரியதாக இருந்தது.

இதற்கெல்லாம் காரணம் மாமா கொண்டுவந்த இங்கிலீஷ் படங்கள். மாமா என் அம்மாவின் தம்பி. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற வழியில் எங்கள் வீடு. வீடு என்றால் பெரியப்பாவின் வீடு, அதில் நாங்களும் இருந்தோம். பெரியப்பாவுக்குத் திராட்சைத் தோட்டமும் இரண்டு ஜீப்பும் உண்டு. அக்கா வீட்டோடு தங்கியிருந்த மாமா பழைய ஜீப்பை ஓட்டினார். விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்குக் களையெடுக்கவும் காய் எடுக்கவும் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறுவார், சாயங்காலம் கூட்டிக்கொண்டு இறங்குவார்.

புது ஜீப் பெரியப்பாவின் மூத்த மகனுக்கு. அது தேக்கடிக்கு வருகிற டூரிஸ்ட் பார்ட்டிகளுக்கான வண்டி. சவாரிக்கு வருகிறவர்கள் வண்டியை மட்டும் பார்ப்பதில்லை, டிரைவர் முகத்தையும் பார்ப்பார்கள் என்பது பெரியப்பாவின் தொழில் ஞானம். பெரிய அண்ணன் எலுமிச்சம்பழ நிறம். மாமா நல்ல கறுப்பு. நான் மாமாவை அப்படியே உரித்து வைத்திருக்கிறேன் என்று ஊரே சொல்லும். சொல்லிவிட்டு அம்மாவைப் பாவமாக ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வைக்காகவே சிலர் வீட்டுக் கல்யாணத்தில் நான் வேண்டுமென்றே இரண்டு இலை சாப்பிட்டிருக்கிறேன்.

பெரியப்பா சிடி பிளேயர் வாங்கிய வருஷம் அது. மலைக்கு மேலே கேரளத்தில் இருக்கிற கட்டப்பனைக் கடையிலிருந்து மாமா சிடி எடுத்து வருவார். அந்தப் படங்களில் தமிழும் இருக்காது, மலையாளமும் இருக்காது, சுத்த இங்கிலீஷ். அதனால் மாமா டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கதை சொல்வார். மாமாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் பிரேக், கிளட்ச், ஆக்சில் வகையைச் சேர்ந்தது. ஆனால் ஒரு வசனத்தைக்கூட அவர் விட்டதில்லை. ஞாயிறு மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு வீடு மொத்தமும் உட்கார்ந்து மாமாவின் வாயைப் பார்க்கும். சந்தேகம் கேட்கிற அளவுக்கு இங்கிலீஷ் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லாதது கலைக்குப் பெரிய சௌகரியமாக இருந்தது.

படங்கள் எல்லாம் ஒரே அச்சு. ஏதோ ஒரு காட்டில் யாரையோ கடத்தி வைத்திருப்பார்கள். மீட்க ஒரு கூலிப்படை போகும். கூலிப்படை என்றால் என்னவென்று எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் வண்டி ஏறிப் போய்க் கூலி வாங்கிக்கொண்டு திரும்புவது எங்கள் ஊரில் பாதிப்பேர் செய்கிற வேலைதான். படையில் வெள்ளைக்காரர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் குடிப்பார், ஒருவர் பெண்டாட்டியை நினைத்து ஏங்குவார், ஒருவருக்குப் பணத்தாசை. ஆளுக்கொரு குணம் கொடுத்திருப்பார்கள். சீனாக்காரர் ஜாடையில் ஒருவர் உண்டு, அவர் பேசமாட்டார், கத்தி வீசுவார். மருந்துப் பெட்டியோடு ஒரு பெண் வரும், ஓடும்போது ஒரு தடவையாவது தடுக்கி விழும். அப்புறம் ஒரே ஒரு கறுப்பு வீரர். இருப்பதிலேயே கனமான துப்பாக்கியை அவர்தான் தூக்குவார், வாய்விட்டுச் சிரிப்பார், முதலில் சாவார். எதிரிகள் பெரும்பாலும் எங்கள் ஊர்க்காரர்கள் நிறத்தில் இருப்பார்கள். அவர்களுக்குக் குணமும் கிடையாது, வசனமும் கிடையாது. மரத்திலிருந்து விழுவார்கள், அவ்வளவுதான் உத்தியோகம்.

எங்கள் படைக்கு ஆள் எடுத்ததும் இதே முறைப்படிதான். கேப்டன் வேஷத்துக்கு நிறமும் அதிகாரமும் வேண்டும், அது சின்ன அண்ணனிடம் இருந்தது. மருந்துப் பெட்டிக்குச் சித்தப்பாவின் மகள். பூச்சி பறந்தால்கூட அழுகிற பெண், ஆனாலும் சிவப்பு. என்னைப் பெண் வேஷத்துக்கு யாரும் யோசிக்கவே இல்லை. பொடிப்பயல்கள் எல்லாம் எதிரிகள். ஏன் நானே சாக வேண்டும் என்று சண்டை போட்டபோது சின்ன அண்ணன் சொன்ன பதில், படத்தில் அப்படித்தானே வருகிறது என்பது. அதற்கு மேல் வழக்காட இடமில்லை. அவன் கையைக் கடித்து வைத்தேன், அதற்கும் எனக்குத்தான் அடி விழுந்தது.

வாய்க்காலோரம் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த மாமாவிடம் போய் முறையிட்டேன். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எறும்பு கடித்த இடத்தைக் காட்டினேன், அதற்கும் சிரித்தார். செருப்புக் காவலைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் டயரில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம், வருகிற ஞாயிற்றுக்கிழமை வேறொரு படம் போடுகிறேன், கவனமாகப் பார் என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐப்பசி மழையில் டூரிஸ்ட் வரமாட்டார்கள், அதனால் இரண்டு ஜீப்பும் ஏலத்தோட்டத்துக்கே போகும். மலைப்பாதையில் அங்கங்கே மண் சரிந்து ஓரம் பெயர்ந்திருக்கும். அப்படி ஒரு இடம் வந்தால் பெண்களை இறக்கி நிறுத்திவிட்டு, பழைய ஜீப்பை முன்னால் விட்டுப் பார்ப்பார்கள். அது தாண்டிவிட்டால் பாதை தாங்கும் என்று தெரிந்துவிடும், புது ஜீப் பின்னால் போகும். பழைய வண்டிதானே, போனால் போகிறது என்று பெரியப்பா சாதாரணமாகச் சொல்வார். மாமாவும் சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிக்கொண்டு போவார். மலையில் எங்கள் மாமாதான் எப்போதும் முதலில் போவார் என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் மழை. வீடு நிறைய ஆட்கள். வழக்கம்போல் காடு, வழக்கம்போல் படை. ஆனால் மாமாவின் வாயில் கதை வேறு தினுசாக வந்தது. கேப்டனுக்கு வயதாகிவிட்டதாம், கண் சரியாகத் தெரியாதாம், யோசனை முழுக்கக் கறுப்பு வீரருடையதாம். கேப்டன் வரைபடத்தை விரித்து வைத்து நீளமாகப் பேசினால், வழி தெரியாமல் இவரிடம் கேட்கிறார் என்றார் மாமா. இவர் தலையை ஆட்டினால், கேப்டனைத் திட்டுகிறார் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒரு சதுப்பு நிலம் வந்தது. கேப்டன் கையை நீட்டி முன்னால் போகச் சொன்னார். கறுப்பு வீரர் சிரித்துக்கொண்டே ஏதோ சின்னதாக ஒரு சொல் சொன்னார். மாமா டிவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு அதற்குத் தமிழ் சொன்னார்.

“எப்பவும் என்னையவே முன்னால அனுப்புறீக. நான் திரும்பி வராட்டி என்ன செய்வீகன்னு ஒருநாளாவது நெனைச்சீகளான்னு கேக்குறாரு.”

அந்த வீரர் வாயை மூடி வெகுநேரம் ஆகியும் மாமா பேசி முடிக்கவில்லை. இங்கிலீஷில் சின்னச் சொல்லுக்குக்கூட எத்தனை பெரிய அர்த்தம் இருக்கிறது என்று வியந்துபோனேன். வறுத்த கடலையை உரித்துக்கொண்டிருந்த பெரியப்பாவின் கை நின்றது. அவர் பெரியம்மாவிடம் தண்ணீர் கேட்டார். கேப்டன் என்ன பதில் சொன்னார் என்று சின்ன அண்ணன் கவலையோடு கேட்டான். தப்புத்தானப்பா என்று தலையைக் குனிந்துகொண்டார் என்றார் மாமா. கேப்டன் அப்போது தொப்பியைச் சரிசெய்யத் தலையைக் குனிந்தது உண்மை.

வீரர் சதுப்பில் கால் வைத்த நேரத்தில் சிடி நின்றுவிட்டது. மாமா அதை எடுத்து பனியனில் துடைத்துப் பார்த்தார், ஊதினார், கீறல் விழுந்துவிட்டது என்று சொல்லி இரண்டாவது சிடியைப் போட்டார். அதில் படை எங்கேயோ போய்க்கொண்டிருந்தது, கறுப்பு வீரரைக் காணோம். அவர் வேறு வழியாகத் தனியாகப் போகிறார் என்று மாமா விளக்கினார். அதற்கப்புறம் எந்த மூலையில் எது வெடித்தாலும் அவர் வைத்த வெடிதான். பாலம் இடிந்தது, அவர்தான். எதிரியின் லாரி உருண்டது, அதுவும் அவர்தான். ஒரு ஆள் படத்தில் தலையே காட்டாமல் பாதிப் படத்தை நடத்தியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைசியில் மீதிப்பேர் ஹெலிகாப்டரில் ஏறிக் கிளம்பினார்கள். அவர் எங்கே என்று நான் எழுந்து நின்று கேட்டேன்.

“ஹெலிகாப்டர்ல எடம் பத்தல ஆத்தா. அவரு பஸ்ஸுல வந்துருவாரு.”

எனக்கு அது முற்றிலும் நியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டில் ஏதாவது விசேஷத்துக்குப் போவதென்றால் புது ஜீப்பில் இடம் பத்தாமல் நானும் அம்மாவும் பஸ்ஸில்தான் போவோம்.

அடுத்த சண்டையில் ஆட்சி மாறியது. சின்ன அண்ணன் பழக்கதோஷத்தில் மோட்டார் ரூம் பக்கம் கையை நீட்டினான். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வசனத்தை முழுசாகச் சொன்னேன். படத்தில் அப்படித்தானே வருகிறது என்றேன். அவன் வேறு வழியில்லாமல் தலையைக் குனிந்து, தப்புத்தானப்பா என்றான். அந்த நிமிஷத்திலிருந்து படை என் கையில். கேப்டனை முன்னால் போகச் சொன்னேன், போய்ச் செத்தான். செருப்புகளை அவன் தலைமாட்டில் நானே அடுக்கினேன். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக இன்றுவரை எதுவும் வாய்க்கவில்லை, பரீட்சையில் பாஸானதும் கல்யாணமும் உட்பட.

அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா ஒரு திராட்சை வியாபாரியைக் கூட்டிக்கொண்டு பந்தலுக்கு வந்தார். தன் பிள்ளை செருப்புக் குவியலில் கிடப்பதைப் பார்த்து என்ன கூத்து இது என்று கேட்டார். கேட்டால் சும்மா இருப்பேனா? இன்னும் சத்தமாக, பெரியப்பாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, எப்போதும் என்னையே முன்னால் அனுப்புகிறீர்களே என்று ஆரம்பித்து, அவ்வளவையும் சொன்னேன். வியாபாரி கைதட்டினார், இந்தப் பொண்ணை வக்கீலுக்குப் படிக்க வையுங்கள் என்றார். பெரியப்பா சிரிக்கவில்லை. காய்க் கொத்தைத் தூக்கிப் பார்த்தார், விட்டார், வேறொரு கொத்தைத் தூக்கினார். என் நடிப்பில் ஆடிப்போய்விட்டார் என்று நினைத்தேன்.

அன்று பொழுது சாய்ந்ததும் பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார். உன் மச்சினன் பிள்ளைகளுக்கு வேண்டாததெல்லாம் சொல்லிக் கொடுக்கிறான், இங்கன பிடிக்கவில்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அப்பா வழக்கம்போல் தலையை மட்டும் ஆட்டினார். அம்மா சாப்பிடவில்லை. மாமாவுக்கு அந்த ஜீப்பை விட்டால் வேறு பிழைப்பு இல்லை, அம்மாவுக்கு மாமாவை விட்டால் பிறந்த வீடு என்று வேறு ஆள் இல்லை. மாமா போய்விடுவாரோ என்று நான் அவருடைய பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறதா என இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். ஆனால் தப்பு எதுவென்று எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. படத்தில் வந்த மருந்துப் பெட்டிப் பெண் கையில்லாத சட்டை போட்டிருந்தாள், அது பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒருநாள் விடிய விடிய மழை. பொழுது விடிந்தபோது தூறிக்கொண்டிருந்தது. ஏலத்தோட்டத்துப் பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். மலையில் ஒரு வளைவுக்குக் கீழே ரோட்டின் ஓரம் பெயர்ந்து கிடப்பதாகப் பால் வண்டிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெரியப்பா பழைய ஜீப்பின் சாவியை நீட்டி, நீ முன்னால் போய்ப் பார், வண்டி தாண்டினால் பெரியவன் பின்னால் வரட்டும் என்றார். மாமா சிரித்தார். ஆனால் கையை நீட்டவில்லை.

“பெரிய மச்சான், இன்னைக்குப் புது வண்டி முன்னால போகட்டும். நான் பின்னால வாரேன்.”

பெரிய அண்ணன் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். எனக்கோ பொறுக்கவில்லை. இவ்வளவு நல்ல இடத்தில் மாமா முக்கியமான வசனத்தை மறந்துவிட்டு நிற்கிறாரே! பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டிருந்த நான், அவருக்கு ஞாபகப்படுத்துவதற்காக, நான் திரும்பி வராட்டி என்ன செய்வீக என்று எடுத்துக் கொடுத்தேன். பெரியப்பா என் பக்கம் திரும்பிய வேகத்தில் அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அதற்குள் அடுப்படியிலிருந்து பெரியம்மா ஓடிவந்துவிட்டார்.

“எம்புள்ளையவா? ரோடு பேந்து கெடக்குங்குறாக, அங்கன எம்புள்ளைய முன்னால விட்டுப் பாக்கச் சொல்றியா?”

அம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் பெரியவர்கள் பேசும்போது அவர் குறுக்கே பேசி நான் கேட்டதில்லை. விளக்குமாற்றைக் கீழே போடாமலே பேசினார், குரலையும் உயர்த்தவில்லை.

“இத்தனை நாளும் போனது என் தம்பிதான்க்கா.”

பெரியம்மா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். சாக்குப் போட்ட பெண்களில் ஒருத்தி, இன்னைக்குக் கூலி போனாப் போகுது, வாங்கடி என்று சொல்லிவிட்டு நடந்தாள், மற்றவர்களும் பின்னால் போனார்கள். பெரிய அண்ணன் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, நானும் போகவில்லை, மாமாவும் போக வேண்டாம், ரோட்டுக்காரர்கள் வந்து சரி என்று சொல்லட்டும் என்றான். பெரியப்பா பழைய ஜீப்பின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். அப்புறம் அதை ஜன்னலில் வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு பழைய ஜீப்பை முன்னால் விட்டுப் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. மாமாவை வேறு இடம் பார்க்கச் சொன்ன பேச்சும் அடங்கிவிட்டது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவே, என்ன, இன்னைக்குப் படம் இல்லையா என்று மாமாவைக் கேட்டார். பெரியம்மா மாமாவுக்கு நல்லியெலும்பாகப் பார்த்து வைத்தார். எல்லாம் சரியாகிவிட்டது, எனக்குத்தான் மாமா அன்றைக்கு வசனத்தைக் கோட்டைவிட்டார் என்ற குறை.

மறுவருஷம் கேபிளில் இங்கிலீஷ் படங்களைத் தமிழில் பேசவைத்துக் காட்டத் தொடங்கினார்கள். ஒரு மத்தியானம் அதே படம் வந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இப்போது பாருங்கள், எப்படிக் கேட்கிறார் என்று பாருங்கள் என்று நான் கட்டியம் கூறினேன். சதுப்பு நிலம் வந்தது. கேப்டன் கையை நீட்டினார். கறுப்பு வீரர், சரிங்க கேப்டன் என்றார். அவ்வளவுதான். நாலு எட்டு வைத்தார், வெடித்தது, செத்துப்போனார். கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மற்றவர்களை மேலே நடக்கச் சொன்னார். சின்ன அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பி, மோட்டார் ரூம் இருக்கிற திசையில் கையை நீட்டினான். தெருவே சிரித்தது.

அழுகையும் ஆத்திரமுமாக மாமாவிடம் ஓடினேன். ஜீப்பின் பானெட்டைத் திறந்து வைத்துக் குனிந்திருந்தார். தமிழில் பேசவைத்த பாவிகள் அவரைக் கொன்றுவிட்டார்கள், வசனத்தை வெட்டிவிட்டார்கள் என்றேன். அவர்களுக்குக் கடுதாசி போட வேண்டும் என்றேன். மாமா நிமிரவில்லை.

“ஒரு வார்த்தைகூடவா கேக்கல?”

“கேக்கவே இல்ல மாமா. போகச் சொன்னதும் சிரிச்சுக்கிட்டே போறாரு.”

மாமா துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். விரல் விரலாக, கிரீஸ் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆமா ஆத்தா. சிரிச்சுக்கிட்டேதான் போவாரு.”

அப்படியானால் மாமா இந்தத் தமிழ்ப் படத்தையும் எனக்கு முன்னாலேயே எங்கேயோ பார்த்துவிட்டார், என்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டார் என்று நினைத்து, அன்று முழுக்க அவரோடு பேசாமல் இருந்தேன்.